பூதம் உட்கார்ந்த மேசை

ஏப்ரல் 7, திங்கள்

பூதம் மறுபடியும் என் மேசைக்கு வந்துவிட்டது.

கட்டடம் கட்டும் இடங்களில் முழி பிதுங்கி, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு திருஷ்டிப் பொம்மை முகம் இருக்குமே, அதுதான் பூதம். ஆபீஸ் புதுக்கட்டடத்துக்கு மாறியபோது வாங்கியது. யாருடைய வேலையால் சாப்ட்வேர் சோதனை தோற்றுச் சிவப்பாகிறதோ, தேறிப் பச்சையாகும்வரை அவர் மேசையில் அது உட்கார்ந்திருக்கும். மேனேஜர் முரளி சார் கொண்டுவந்த வழக்கம். எல்லோரும் சிரிப்பார்கள். மேசைக்குச் சொந்தக்காரர் மட்டும் கொஞ்சம் குறைவாகச் சிரிப்பார்.

என் வீட்டுக்காரருடைய அக்கா, என் நங்கை, முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு எங்களோடுதான் இருக்கிறார். சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"ஏன் ரேணு, ஆபீஸ்ல நீ என்னதான் பண்றே?"

"கோழிக்குஞ்சு பொரிக்கற ஹேச்சரிக்கு எங்க கம்பெனி சாப்ட்வேர் பண்ணுதுங்க நங்கை. முட்டை வெச்சிருக்கற மெஷின்ல சூடு ஏறுனா ஸ்கிரீன்ல செவப்புப் பட்டை வரும். அதுல ஒரு பட்டன் அமுத்துனா ஃபேன் வேகமாச் சுத்தும். அது சரியா வருதா, அமுத்த முடியுதான்னு ஆளுக்குப் பதிலா சர்வரே பார்க்கற மாதிரி நான் டெஸ்ட் எழுதறேன்."

"அந்த சர்வர் முன்னாடி யாரு ஒக்காந்து பாப்பாங்க?"

"யாருமில்லைங்க. அதுக்கு ஸ்கிரீனே கெடையாது. ஸ்கிரீன் இருக்குதுன்னு அதுகிட்ட நாமளா ஒரு பொய் சொல்லி வெக்கறது. இத்தனை அகலம், இத்தனை உசரம்னு. அது நம்பிக்கிட்டு எல்லாத்தையும் வரைஞ்சு, அமுத்திப் பார்க்கும்."

"யாரும் பாக்காத டிவில யாரும் அமுத்தாத பட்டனு. இதுக்குச் சம்பளம் வேற," என்றார் நங்கை. இவர் சாப்பிட்டுக்கொண்டே சிரித்ததில் புரையேறிவிட்டது.

ஏப்ரல் 9, புதன்

சர்வரில் பாதிச் சோதனைகள் தோற்று விழுந்ததற்குக் காரணம் கிடைத்தது. 'புதிய பதிப்பு வேண்டுமா' என்று ஒரு ஜன்னல் தானாகத் திறந்து மேலே உட்கார்ந்துகொண்டிருந்தது. நாம் அழுத்துவதெல்லாம் அதன்மேல் விழுந்திருக்கிறது. அதை அடைத்தேன். வரிசையாகப் பச்சை வந்தது.

ஒன்றே ஒன்று மட்டும் மசியவில்லை. அந்தச் சிவப்புப் பட்டைச் சோதனை. 'பொத்தான் திரைக்கு வெளியே இருக்கிறது' என்று சொல்லிச் சொல்லி விழுகிறது. பட்டையைச் செய்தவன் லியாகத். உக்கடத்துப் பையன், நல்ல வேலைக்காரன். அவன் கணினியில் ஓடுகிறது, என் கணினியிலும் ஓடுகிறது. சர்வரில்தான் தகராறு. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன். மூன்று தரம் முயலச் சொன்னேன். மூன்று தரமும் அதையே சொன்னது.

டெய்லர் என் ரவிக்கையை இன்னும் தைக்கவில்லையாம். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு மாதமாக.

ஏப்ரல் 10, வியாழன்

நாளை புதுப் பதிப்பு வெளியீடு. சித்திரை ஒன்றுக்கு முன்னால் எல்லா ஹேச்சரிக்கும் போய்விட வேண்டும் என்று முரளி சார் காலையிலிருந்து மூன்று தரம் வந்து போனார். மூன்றாவது தரம் பூதத்தின் தலையைத் தட்டி, "என்ன, குடும்பக் கார்டுல பேர் சேர்த்துட்டீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பல்லடத்திலிருந்து போன். போன வாரம் பழக்கத்துக்காக முன்கூட்டியே புதுப் பதிப்பு போட்டுக்கொடுத்த ஹேச்சரி. ஆபரேட்டர் பேசினார். "ஏனுங்க மேடம், மயில்சாமி பேசறனுங்க. ஸ்கிரீன்ல அடியில ஏதோ வெட்டுன மாதிரி தெரியுதுங்க." ஃபுல் ஸ்கிரீன் போட்டுப் பாருங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சந்தேகம்.

சிலிண்டர் பதிவு செய்ய மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

பச்சை. பூதம் ஆபீஸ் சமையலறை அலமாரிக்குப் போய்விட்டது.

லியாகத் ஜிலேபி வாங்கிவந்தான். "எப்படிக்கா புடிச்சீங்க?" என்று கேட்டான். சர்வர் அமைப்பில் ஒரு சின்ன விஷயம் என்றேன். அவ்வளவுதான், சின்ன விஷயம்தான்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. வேப்பம்பூ ரசம், மாங்காய்ப் பச்சடி. மதியம் படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை. வெயில்தான் காரணம். மாடி வீடு எடுத்தது தப்பு.

மே 5, திங்கள்

கத்திரி தொடங்கிவிட்டது. சிறுவாணித் தண்ணீர் இனி வாரத்துக்கு ஒரு நாளாம். ரவிக்கை வந்தது, கை இறுக்கம்.

மே 12, திங்கள்

பல்லடத்தில் நேற்று மத்தியானம் ஒரு மெஷின் முட்டை முழுக்கப் போய்விட்டது. விசிறி ஒன்று நின்று சூடு ஏறியிருக்கிறது. மெஷினோடு வரும் மணி, சூடு எல்லை மீறினால்தான் அடிக்கும். அது அடித்தபோது காரியம் கெட்டிருந்தது. அதற்கு முன்னாலேயே எச்சரிக்கத்தான் எங்கள் சிவப்புப் பட்டை. ஆபரேட்டர் அடுத்த அறையில் குஞ்சுப் பெட்டி கட்டிக்கொண்டே, நடுவிலுள்ள கண்ணாடி வழியாகத் திரையில் சிவப்பு தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வாராம். அங்கே அதுதான் முறை.

சிவப்பே வரவில்லை என்கிறார் ஆபரேட்டர். சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார் என்கிறார் ஹேச்சரி முதலாளி. இரண்டில் எது என்று கம்பெனி சொல்ல வேண்டும்.

இன்னும் சில நாளில் பொரிந்திருக்க வேண்டிய முட்டைகள். உள்ளே முழுக் குஞ்சாகவே இருந்திருக்கும்.

மே 13, செவ்வாய்

அறிக்கையை நான்தான் எழுத வேண்டும் என்றார் முரளி சார். சோதனைப் பொறுப்பு என்னுடையது என்பதால்.

எழுதினேன். எங்கள் மென்பொருளின் பதிவில் 'எச்சரிக்கை காட்டப்பட்டது' என்று நேரத்தோடு இருக்கிறது. அதை எடுத்துப் போட்டேன். பட்டைச் சோதனை பச்சையாக ஓடியதற்கான சான்றையும் இணைத்தேன். ஒரு வார்த்தைகூட இட்டுக்கட்டியதில்லை. மென்பொருளில் குறையில்லை என்று முடித்தேன்.

படித்துவிட்டு முரளி சார் கேட்டார். "இன்னொண்ணு ரேணுகா. அந்த ஆளு ஏப்ரல்லயே ஒரு மேடத்துக்குப் போன் பண்ணி, கீழ வெட்டுதுன்னு சொன்னேங்கறார். உங்ககிட்டயா பேசினார்?"

"எத்தனையோ பேர் பேசறாங்க சார். ஞாபகமில்லை."

"அதானே. தப்பிக்கறதுக்கு ஏதாவது சொல்லுவாங்க," என்று அறிக்கையை அனுப்பிவிட்டார்.

மே 14, புதன்

தண்ணீர் வந்தது. அண்டா, குடம், பக்கெட் எல்லாம் நிறைத்தேன். தினமும் எத்தனை போன். எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமா?

மே 19, திங்கள்

அந்த ஆபரேட்டரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

லியாகத் வந்து என் மேசை ஓரத்தில் சாய்ந்து நின்றான். "அக்கா, நாலு நாளா சோறு எறங்கல. என் பட்டையாலதான் போச்சோன்னு பயந்துட்டேன். நல்லவேளை, உங்க டெஸ்ட் இருந்துச்சு." அவன் அம்மா பிரியாணி கொடுத்துவிட்டிருந்தார். எனக்குத்தான், நன்றிக்கு. வாங்கிக்கொண்டேன். பசியில்லை என்று வீட்டில் கொடுத்துவிட்டேன்.

இவர் சர்க்கரை வியாதியை மறந்து மைசூர்பாகு தின்றுவிட்டு, நாங்கள் கேட்காமலேயே "நான் திங்கல" என்றார். நங்கை சிரித்தார். "குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குமாம். உன்னைய யாருடா கேட்டா?" என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. குழம்பு தரையெல்லாம். துடைத்தேன்.

மே 23, வெள்ளி

இன்று பல்லடம் போனோம். புது ஆபரேட்டருக்குச் சொல்லிக்கொடுக்க நானும் லியாகத்தும். நான் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். வேறு ஆள் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேசைமேல் அந்தத் திரை இருந்தது. பழைய சதுர மானிட்டர். மஞ்சள் பூத்துப்போனது. வாசலிலேயே பார்த்துவிட்டேன்.

லியாகத் சோதனைக்காகச் சூட்டை ஏற்றிக் காட்டினான். "இப்ப பாருங்கண்ணா, அடியில செவப்பா வரும்." வரவில்லை. புது ஆபரேட்டர் திரையைப் பார்த்தார், லியாகத்தைப் பார்த்தார். லியாகத் குனிந்தான். குனிந்து பார்த்தால் திரைக்குக் கீழே இருப்பது தெரியும் என்பதுபோல இன்னும் குனிந்தான். பிறகு நிமிர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தான். முதலாளி பக்கத்தில் இருந்ததால் எதுவும் பேசவில்லை. ஒயர் கோளாறு, அடுத்த வாரம் வருகிறோம், அதுவரை ஆள் மெஷின் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டோம்.

காரில் கேட்டான். "டெஸ்ட் எப்படிக்கா பாஸ் ஆச்சு?"

சொன்னேன். சூலூர் தாண்டும்வரை சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் இந்த நோட்டு எதற்கு?

சர்வருக்கு நாங்கள் சொல்லியிருந்த பொய்த் திரை சின்னது, சதுரமானது. பல்லடத்து மானிட்டரின் அதே அளவு. 'பொத்தான் திரைக்கு வெளியே இருக்கிறது' என்று அது சொன்னது சத்தியம். லியாகத்தும் நானும் பெரிய அகலத் திரையில் பார்த்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அவளுக்கும் ஒரு படி மேலே போய், கூடத்தையே அகலப்படுத்திக்கொடுத்தேன். ஏப்ரல் பதினொன்றாம் தேதி அகலம், உயரம் என்ற அந்த இரண்டு எண்களை மாற்றினேன். பொய்த் திரை பெரிதானது, பட்டை உள்ளே வந்தது, பச்சை வந்தது, பூதம் போனது.

மாற்றும்போது தெரியுமா என்றால், தெரியும். முந்தின நாள்தான் மயில்சாமி போனில் சொல்லியிருந்தார். அவர் சொன்னதும் சர்வர் சொன்னதும் ஒன்றே என்று அந்த எண்ணைத் தட்டும்போதே மனதில் ஓடியது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை வருஷப் பிறப்பு. செவ்வாய்க்கிழமை யாரும் எதையும் கேட்கவில்லை.

ஞாபகமில்லை என்று சொன்னேனே, அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம்.

சிங்காநல்லூர் சிக்னலில் நிற்கும்போது லியாகத், "அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா அரை மணி நேர வேலைக்கா," என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

மே 26, திங்கள்

காலையில் முதல் வேலையாக எண்களைப் பழையபடி மாற்றினேன். சோதனை விழுந்தது. 'பொத்தான் திரைக்கு வெளியே இருக்கிறது.' சமையலறை அலமாரியிலிருந்து பூதத்தை நானே எடுத்துவந்து என் மேசையில் வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. எதற்கு என்றே அவர்களுக்குத் தெரியாது.

முரளி சாரிடம் எல்லாம் சொன்னேன், போன் விஷயம் உட்பட. கதவைச் சாத்தினார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"லியாகத்துக்கு."

"அவ்வளவோட இருக்கட்டும். பட்டையை மேல கொண்டுவந்து எல்லாருக்கும் புதுசு போட்டுரலாம். ரிப்போர்ட் போனது போனதுதான். பழசைக் கிளறாதீங்க."

"அந்த ஆளு சார்?"

"வேற வேலை கெடைச்சிருக்கும். ஆபரேட்டருக்கு வேலைக்கா பஞ்சம்?"

"வேலை இல்ல சார். தூங்கிட்டாருன்னு ஊரே சொல்லுது. அது நான் எழுதினதால."

"நீங்க தூங்கினார்னு எழுதலையே. மென்பொருள்ல குறையில்லைன்னுதான எழுதினீங்க?"

பதினைந்து நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இதையேதான். அடுத்தவர் வாயிலிருந்து வரும்போதுதான் அதன் நாற்றம் தெரிகிறது.

மே 28, புதன்

லியாகத் பட்டையைத் திரையின் உச்சிக்குக் கொண்டுவந்துவிட்டான். சின்னத் திரையிலேயே பச்சை. பூதத்தை எடுக்கலாம் என்று வந்தான், இருக்கட்டும் என்றேன். முன்போல 'அக்கா' என்கிறான். ஆனால் மேசையில் சாய்ந்து நிற்பதில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு இனி என்னால் சாப்பிட முடியாது. மதியம் மாடிப்படியில் நின்று பல்லடத்து முதலாளிக்கு நானே போன் செய்தேன். திரையில் சிவப்பு வந்திருக்கவே முடியாது, மயில்சாமி சொன்னதுதான் உண்மை, எனக்கு முன்பே போன் செய்திருந்தார் என்றேன். அறிக்கை தப்பு என்று கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்றேன். முதலாளி குரலை இறக்கிக் கேட்டார்.

"ஏனுங்க, இதைய அன்னிக்கே சொல்லக்கூடாதுங்களா? பத்து வருசமா இருந்த ஆளுங்க. எல்லாரும் நிக்கறப்ப நாக்கப் புடுங்கற மாதிரி கேட்டுப்போட்டனுங்க."

"மறுபடி அவரைக் கூப்பிடுவீங்களா?"

"நாங் கூப்புட்டா வரமாட்டானுங்க, ரோசக்காரன். முதல்ல நீங்க போயிச் சொல்லுங்க. பொறவு நானும் போறேன்."

வீட்டுக்கு வழி சொன்னார்.

இரவு இவரிடமும் நங்கையிடமும் சொன்னேன். வேலை போகலாம் என்றும் சொன்னேன். இவர் என் தட்டில் இன்னொரு தோசை வைத்தார். நங்கை மட்டும், "யாரும் பாக்காத டிவின்னு நாஞ் சிரிச்சனே," என்றார்.

மே 30, வெள்ளி

கையெழுத்திட்ட கடிதத்தை முதலாளிக்கு அனுப்பினேன், முரளி சாருக்கு ஒரு நகல். திங்கட்கிழமை அறைக்கு வரச்சொல்லியிருக்கிறார்.

ஜூன் 1, ஞாயிறு

பஸ்ஸில் போனேன். இவர் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன்.

உடுமலை ரோட்டில் விசைத்தறிக் கூடங்களுக்குப் பின்னால் ஓட்டு வீடு. மயில்சாமி தேங்காய்க் களத்துக்கு வேலைக்குப் போயிருந்தார், சாப்பிட வந்துவிடுவாராம். அவர் மனைவி ருக்குமணி இருந்தார். யார் என்று சொன்னதும் முகம் இறுகியது. இருந்தாலும் நாற்காலி எடுத்துப் போட்டு, டீ வைத்துக் கொடுத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டார்.

"அப்ப அவரு தூங்கலீங்களா?"

"இல்லைங்கக்கா. முழிச்சுட்டுத்தான் இருந்தாரு. ஸ்கிரீன்லதான் வரல. அது வராதுன்னு முன்னாடியே எனக்குப் போன் பண்ணிச் சொன்னாரு."

தரையில் உட்கார்ந்துவிட்டார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"நானுந் திட்டுனனுங்க," என்றார் பிறகு. "சோத்தத் தின்னுபோட்டு மல்லாந்துட்டயான்னு எங்கம்மா ஊட்டுல எல்லாரு முன்னாலயும் கேட்டுப்போட்டனுங்க. இல்ல புள்ள, இல்ல புள்ளன்னாரு. கம்பெனில இருந்தே எழுதிக் குடுத்துட்டாங்களே, பொய்யவா எழுதுவாங்கன்னு கேட்டனுங்க. அன்னீலிருந்து பகல்ல ஒக்காந்தாக்கூட அவரு செவுத்துல சாயறதில்லீங்க."

மன்னிச்சுக்குங்க என்று சொல்ல வந்தேன். அதைச் சொல்லி இவரிடமிருந்து எதை வாங்கிக்கொண்டு போகப் போகிறேன் என்று தோன்றியது. டீ ஆறிக்கொண்டிருந்தது.

சைக்கிள் சத்தம் கேட்டது. மயில்சாமி வந்தார். ஒல்லியான மனிதர், தலையெல்லாம் தேங்காய் நார். எழுந்து நின்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன். எண்ணை மாற்றியதை, அவர் போனை, முரளி சாரிடம் ஞாபகமில்லை என்றதை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார்.

"கேட்டுக்கிட்டயா?"

"கேட்டனுங்க," என்றார் ருக்குமணி.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நில்லாதீங்க மேடம், ஒக்காருங்க. அன்னிக்கு நீங்க ஏதோ வேல அவசரத்துல இருந்தீங்க போல. எம் பேர்லயுந் தப்பு இருக்குதுங்க. ரெண்டாந்தரம் கூப்பிட்டு நல்லாச் சொல்லியிருக்கோணும். அப்ப சரியாக் கேட்டிருக்காது உங்களுக்கு."

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். அவரே கதவைத் திறந்துவிட்டார், நான் வெளியேறிப் போக வேண்டியதுதான் பாக்கி. இந்த இரண்டு மாதத்தில் இப்படி எத்தனை கதவுகள் வழியாகப் போயிருக்கிறேன்.

"இல்லைங்கண்ணா," என்றேன். "முதல் தரமே நல்லாக் கேட்டுச்சுங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ருக்குமணி சோறு போட்டார். மயில்சாமி சுவரோரம் தட்டை வைத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது. நான் கிளம்பும்வரை அவர் சாயவே இல்லை.